கவுன்டர்-ஸ்ட்ரைக் 2: கன்சோல் கமாண்டுகள், பயிற்சிக் குறிப்புகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டை ஆடும் எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் ஏறக்குறைய இதே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கமாண்டுகளை ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். கன்சோலில் (ஆட்டத்துக்குள் கமாண்டுகளைத் தட்டும் பெட்டி) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். நடுவில் வரும் அடிக்கோட்டை விட்டுவிடாதீர்கள். எழுத்துக்கூட்டல் பற்றிக் கவலை வேண்டாம், முதல் சில எழுத்துகளைத் தட்டியதுமே கன்சோல் பொருந்தும் பெயர்களைப் பட்டியலாகக் காட்டிவிடும்.

அண்ணா, கன்சோல் திறக்கவே மாட்டேங்குது. எந்த பட்டன்?

எஸ்கேப் கீக்கு நேர் கீழே, 1-க்கு இடப்பக்கம் உள்ள கீ. ஆனால் முதலில் அதை அனுமதிக்க வேண்டும். செட்டிங்ஸில் கேம் பகுதிக்குப் போய், டெவலப்பர் கன்சோல் என்ற வரியில் 'யெஸ்' கொடுங்கள். அப்புறமும் திறக்கவில்லை என்றால், கீபோர்டு செட்டிங்ஸில் கன்சோலுக்கான இடத்தில் உங்களுக்குப் பிடித்த வேறு கீயைப் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் கீபோர்டுகள் சிலவற்றில் இந்தக் கீ வேறு மூலையில் இருக்கும்.

எஸ்வி, சிஎல், எம்பி-னு என்னென்னவோ வருது. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா ப்ரோ?

வேண்டவே வேண்டாம். முன்னொட்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 'சிஎல்' என்று தொடங்குபவை உங்கள் கணினியில் மட்டும் மாறுபவை: கிராஸ்ஹேர் (திரை நடுவே குறி பார்க்கும் அடையாளம்), ரேடார் (மூலையில் தெரியும் சிறு வரைபடம்) மாதிரி. 'எஸ்வி' என்பவை சர்வருக்கானவை, அதாவது ஆட்டத்தை நடத்தும் கணினிக்கு. 'எம்பி' என்பவை ஆட்ட விதிகள்: ரவுண்டு நேரம், பணம், வார்ம்-அப். 'எஸ்என்டி' ஒலிக்கு, 'பாட்' கணினி ஆடும் ஆட்களுக்கு.

ஒரு கமாண்டு ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. இந்த ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனம் நடத்தும் சர்வரில் போட்டி ஆடும்போது 'எஸ்வி', 'எம்பி' வகையை நீங்கள் தொட முடியாது. அந்த சர்வர் உங்களுடையது இல்லை. நீங்களே திறந்த பயிற்சி மேப்பில் (ஆடும் களம்) எல்லாமே உங்கள் கையில்.

இன்னும் இரண்டு விஷயம். 'ஃபைண்ட் ரேடார்' என்று தட்டினால் அந்தச் சொல் வரும் எல்லாக் கமாண்டுகளும் வரிசையாக வரும். ஒரு கமாண்டின் பெயரை மட்டும் எண் இல்லாமல் தட்டினால், இப்போது அதன் மதிப்பு என்ன என்று காட்டும். எதையும் மாற்றும் முன் அந்தப் பழைய எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கன்சோல் யூஸ் பண்ணா அக்கவுண்ட் பேன் ஆயிடுமா?

ஆகாது. கன்சோல் விளையாட்டோடு சேர்ந்து வருவது. வால்வே கொடுத்திருக்கும் கருவி. 'எஸ்வி_சீட்ஸ்' என்ற பெயரைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது உங்கள் சொந்தப் பயிற்சி மேப்பில் மட்டும்தான் இயங்கும். வெளியே போட்டி சர்வரில் தட்டினால் ஒன்றும் நடக்காது.

வெளியிலிருந்து ஒரு புரோகிராமை இறக்கி, விளையாட்டோடு சேர்த்து ஓட்டுவதுதான் ஆபத்து. சுவருக்குப் பின்னால் காட்டுவது, தானாகக் குறி வைப்பது போன்றவற்றுக்கு விழும் விஏசி (வால்வின் ஏமாற்றுத் தடுப்பு முறை) தடை நிரந்தரமானது. 'கொஞ்ச நாளில் எடுத்துவிடுவார்கள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கன்சோல் தொடர்பாக உண்மையிலேயே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு, ஜம்ப்-த்ரோ (குதித்தபடி கிரனேட் எறிவது) பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எஃப்பிஎஸ், பிங் ரெண்டும் திரையில தெரியணும். நெட்_கிராஃப் 1 போட்டேன், ஒண்ணும் வரல.

'நெட்_கிராஃப்' இதற்கு முந்தைய ஆட்டமான குளோபல் ஆஃபென்சிவ் காலத்துக் கமாண்டு. 2023 செப்டம்பரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது செட்டிங்ஸில் கேம் பகுதிக்குள் டெலிமெட்ரி என்று ஒரு பகுதி இருக்கிறது. எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்), பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்), பேக்கெட் இழப்பு (வழியில் தொலையும் தகவல்) மூன்றையும் அங்கேயே காட்டச் சொல்லலாம். எஃப்பிஎஸ் எண் மட்டும் போதும் என்றால் 'சிஎல்_ஷோஎஃப்பிஎஸ் 1'.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை பழைய ஆட்டத்துக்கு எழுதியவை. கன்சோல் 'தெரியாத கமாண்டு' என்று சொன்னால், தவறு உங்களுடையது இல்லை, பட்டியலுக்கு வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ப்ரோ பிளேயரோட சென்சிட்டிவிட்டியை அப்படியே போட்டேன். எனக்கு மட்டும் ஏன் ஓடவே மாட்டேங்குது?

ஏனென்றால் அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. மவுஸின் டிபிஐயும் (ஓர் அங்குலம் நகர்த்தினால் எத்தனை புள்ளி என்ற எண்) விளையாட்டில் உள்ள சென்சிட்டிவிட்டியும் பெருக்கி வரும் எண்தான் கணக்கு. 400 டிபிஐயில் 2 என்பதும் 800 டிபிஐயில் 1 என்பதும் ஒன்றே. அவர் 400-இல் 2 வைத்திருக்க, நீங்கள் 1600-இல் 2 போட்டால் நான்கு மடங்கு வேகம்.

சென்டிமீட்டரில் யோசித்தால் தெளிவாகும். 'எம்_யா' என்ற மதிப்பு இயல்பாக 0.022. அதாவது சென்சிட்டிவிட்டி 1-இல் மவுஸ் ஒரு புள்ளி நகர்ந்தால் பார்வை 0.022 டிகிரி திரும்பும். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 16,364 புள்ளிகள். 800 டிபிஐயில் அது 52 செ.மீ. இப்போது உங்கள் மேசையைப் பாருங்கள். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம்தான் இருக்கிறது என்றால், அவருடைய எண் உங்களுக்கு எப்படி ஒத்துவரும்? மவுஸ் பேடின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இழுத்தால் பின்னால் திரும்பிப் பார்க்க முடிய வேண்டும், அதாவது 180 டிகிரி. அதை வைத்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, சில வாரங்கள் அதைத் தொடாமல் ஆடுங்கள். தினமும் சென்சிட்டிவிட்டியை மாற்றுபவர்களுக்குக் கை பழகுவதே இல்லை.

விண்டோஸில் மவுஸ் ஆக்சிலரேஷனை அணைத்துவிடுங்கள். ஸ்கோப் போட்டால் மட்டும் வேகம் சரியாக இல்லை என்றால் 'ஜூம்_சென்சிட்டிவிட்டி_ரேஷியோ'வைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

நல்ல கிராஸ்ஹேர் ஒண்ணு சொல்லுங்க.

'சிஎல்_கிராஸ்ஹேர்ஸ்டைல் 4' போடுங்கள், ஓடும்போதும் சுடும்போதும் விரியாமல் நிற்கும். பிறகு 'சிஎல்_கிராஸ்ஹேர்சைஸ்', 'சிஎல்_கிராஸ்ஹேர்கேப்', 'சிஎல்_கிராஸ்ஹேர்திக்னெஸ்' மூன்றையும் உங்கள் கண்ணுக்கு ஏற்ப மாற்றுங்கள். டஸ்ட் 2 மேப் மண் நிறத்தில் இருக்கும், அதில் மஞ்சள் கரைந்துபோகும். பச்சை அல்லது வெளிர் நீலம் எல்லா மேப்பிலும் தெரியும். பிறருடையது பிடித்திருந்தால் செட்டிங்ஸில் கிராஸ்ஹேர் பகுதியில் அவருடைய பகிர்வுக் குறியீட்டை ஒட்டினால் போதும்.

கிராஸ்ஹேரின் வடிவத்தைவிட அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். புதியவர்கள் நடக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். எதிராளி வந்ததும் மேலே தூக்க வேண்டியிருக்கும், அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். தலை உயரத்திலேயே வைத்துக்கொண்டு, அடுத்த மூலையின் விளிம்பை ஒட்டி நகர்த்துங்கள்.

ரேடார்ல பாதி மேப் வெளியில போயிடுது. முழுசா தெரிய வைக்க முடியுமா?

முடியும். 'சிஎல்_ரேடார்_ஆல்வேஸ்_சென்டர்ட் 0' போட்டுவிட்டு 'சிஎல்_ரேடார்_ஸ்கேல் 0.4' போடுங்கள். சுமார் 0.3 முதல் 0.5 வரை மாற்றிப் பார்த்துப் பிடித்ததை வையுங்கள். கூட்டாளி ஒருவர் பார்த்த எதிராளி சிவப்புப் புள்ளியாக ரேடாரில் வருவார். முழு மேப் தெரிந்தால்தான் அந்தப் புள்ளிக்குப் பயன். என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா மாற்றங்களிலும் உடனே பலன் தருவது இதுதான்.

மியூசிக் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடலாமா?

ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்கலாம். 'எஸ்என்டி_டென்செகண்ட்வார்னிங்_வால்யூம்' மட்டும் இருக்கட்டும். பாம் வைத்தபின் 40 வினாடியில் வெடிக்கும். கடைசி 10 வினாடியில் இந்த ஒலி வரும். கிட் (பாமை அணைக்க வாங்கும் கருவி) இல்லாமல் டிஃப்யூஸ் செய்ய, அதாவது பாமை அணைக்க, 10 வினாடி, கிட் இருந்தால் 5. ஆக, இந்த ஒலி கேட்கும்போது கிட் இல்லாமல் இன்னும் தொடங்கவே இல்லை என்றால், கையில் உள்ள துப்பாக்கியைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுவதுதான் சரி. கிட் இருந்தால் இன்னும் ஓர் எதிராளியைச் சமாளிக்க நேரம் இருக்கிறது.

தனியா ப்ராக்டிஸ் பண்ண என்னென்ன கமாண்டு வேணும்?

பிளே மெனுவில் பிராக்டிஸ் போய் ஒரு மேப்பைத் திறங்கள். அல்லது கன்சோலில் 'மேப் டிஇ_மிராஜ்' என்று தட்டினாலும் திறக்கும். உள்ளே போனதும் முதலில் 'எஸ்வி_சீட்ஸ் 1'. அடுத்து 'எம்பி_வார்ம்அப்_எண்ட்', 'எம்பி_ஃப்ரீஸ்டைம் 0', 'எம்பி_ரவுண்ட்டைம்_டிஃப்யூஸ் 60', 'பாட்_கிக்'. இவற்றால் வார்ம்-அப் முடியும், ரவுண்டு ஒரு மணி நேரம் ஓடும், பாட்கள் வெளியேறும். எங்கு வேண்டுமானாலும் வாங்க 'எம்பி_பை_எனிவேர் 1', எப்போது வேண்டுமானாலும் வாங்க 'எம்பி_பைடைம் 9999', பணத்துக்கு 'எம்பி_ஸ்டார்ட்மணி 16000'. கடைசியாக 'எம்பி_ரீஸ்டார்ட்கேம் 1' தட்டினால் எல்லாம் நடப்புக்கு வரும்.

குண்டு தீராமல் இருக்க 'எஸ்வி_இன்ஃபினிட்_அம்மோ'. இதில் 1, 2 இரண்டும் வேறு வேறு. 1 போட்டால் ரீலோடே தேவைப்படாது, கிரனேட் பழக அது வசதி. 2 போட்டால் இருப்பு தீராது, ஆனால் மேகசின் தீர்ந்ததும் ரீலோடு செய்ய வேண்டும். ஸ்ப்ரே (விடாமல் தொடர்ந்து சுடுவது) பழகும்போது 2 வையுங்கள். ஏகே-47 மேகசினில் 30 தோட்டாதான். 1-இல் பழகினால் முப்பத்தொன்றாவது தோட்டாவும் வரும் என்று கை நம்பத் தொடங்கிவிடும்.

ஓர் ஆளை ஒரு மூலையில் நிறுத்திப் பழக வேண்டுமா? 'பாட்_ஆட்' போட்டு, அந்த இடத்துக்குப் போய் 'பாட்_பிளேஸ்', பிறகு 'பாட்_ஸ்டாப் 1'. அவர் அங்கேயே சிலைபோல நிற்பார். நீங்கள் மூலையைத் திரும்பி எட்டிப் பார்த்து, கிராஸ்ஹேர் தலையில் விழுகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிக்கலாம்.

யூட்யூப்ல பார்த்து ஸ்மோக் போடுறேன், கேம்ல மட்டும் மிஸ் ஆகுது. எப்படிப் பழகுறது?

மேலே சொன்ன அமைப்போடு இரண்டு கமாண்டு சேருங்கள். 'எஸ்வி_கிரனேட்_ட்ராஜெக்டரி_பிராக்_பிப்ரிவ்யூ 1' போட்டால், கிரனேட்டின் பின்னை இழுத்துப் பிடித்திருக்கும்போதே அது எங்கே விழும் என்று ஒரு சிறு கட்டத்தில் தெரியும். 'எஸ்வி_ரீத்ரோ_லாஸ்ட்_கிரனேட்' நீங்கள் கடைசியாக எறிந்ததை அதே பாதையில் மறுபடி எறியும். இதை ஒரு கீயில் போட்டுக்கொண்டால் ரொம்ப வசதி.

இப்போது செய்ய வேண்டியது இது. மிராஜில் நடுப்பகுதி ஜன்னலுக்கு ஸ்மோக் (புகைக் குண்டு) எறிகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எறிந்ததும் அங்கேயே நிற்காதீர்கள். 'நோக்ளிப்' தட்டி, சுவரைத் தாண்டிப் பறந்து, ஜன்னலுக்குள் எதிராளி நிற்கும் இடத்திலேயே போய் நில்லுங்கள். மீண்டும் 'ரீத்ரோ' கீயை அழுத்தி, புகை விரிவதை அவர் கண்ணால் பாருங்கள். உங்கள் பக்கத்திலிருந்து முழுதாக மூடியதுபோலத் தெரிந்த புகையில், ஜன்னல் சட்டத்தின் ஓரமாக ஒரு தோள் அகலத்துக்கு இடைவெளி இருக்கும். ஆட்டத்தில் அந்த இடைவெளி வழியாகத்தான் தோட்டா வருகிறது. குறி வைத்த புள்ளியை ஒரு விரல் நகர்த்தி மறுபடி எறிந்து, அது மூடுகிறதா என்று பாருங்கள்.

நின்ற இடம் துல்லியமாக வேண்டும் என்றால் 'கெட்போஸ்' தட்டுங்கள். நீங்கள் நிற்கும் இடமும் பார்க்கும் கோணமும் எண்களாக வரும். அந்த வரியை அப்படியே ஒரு நோட்பேடில் சேமித்து வைத்தால், அடுத்த நாள் பயிற்சி மேப்பில் ஒட்டி அதே இடத்துக்கு வந்துவிடலாம். ஆனால் போட்டியில் அது நடக்காது என்பதால், சுவர் மூலை, தரைக் கல் என்று ஓர் அடையாளத்தையும் மனத்தில் பதியுங்கள். இன்னொன்று: இந்த ஆட்டத்தில் புகை அடர்த்தியான ஒரு பொருள்போல இடத்தை நிரப்புகிறது. ஹெச்இ கிரனேட் (வெடிகுண்டு) வெடித்தால் அதில் சற்று நேரம் ஓட்டை விழும். உங்கள் ஸ்மோக் சரியாக விழுந்தாலும் எதிரணி இப்படித் திறந்துவிட முடியும்.

ஓடிக்கிட்டே சுட்டா ஒண்ணுமே படல. எய்ம் சரியாத்தான் இருக்கு மச்சி!

எய்ம் சரியாக இருந்தாலும் படாது, ஏனென்றால் நகரும்போது தோட்டா எங்கு வேண்டுமானாலும் சிதறும். 'எஸ்வி_ஷோஇம்பாக்ட்ஸ் 1' போட்டுவிட்டு ஒரு சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டே சுடுங்கள். தோட்டா பட்ட இடங்கள் கட்டங்களாகத் தெரியும், சுவர் முழுக்க இறைந்திருக்கும். பிறகு நின்று சுட்டுப் பாருங்கள்.

கீயை விட்டுவிட்டால் மட்டும் ஆள் உடனே நிற்பதில்லை, கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போவார். வலப்பக்கம் டி அழுத்தி ஓடுகிறீர்கள் என்றால், டி-யை விட்ட கணமே ஏ-யை ஒரு தட்டுத் தட்டி, வேகம் செத்ததும் சுட வேண்டும். இதைத்தான் கவுன்டர்-ஸ்ட்ரேஃப் என்கிறார்கள். தினமும் பத்து நிமிடம் இந்த ஒன்றை மட்டும் பழகினால் போதும், வேறு எந்த செட்டிங்கும் இவ்வளவு வித்தியாசம் தராது.

மவுஸ் வீல்ல ஜம்ப் வைக்கலாமா?

வைக்கலாம். ஒரு கீயில் ஒரு செயலைப் போடுவதுதான் பைண்ட். 'பைண்ட் எம்வீல்டவுன் +ஜம்ப்' என்று தட்டுங்கள். கீழ்நோக்கி உருட்டினால் குதிக்கும். அங்கே முன்பு இருந்த ஆயுதம் மாற்றும் வேலை போய்விடும், அதனால் ஆயுதங்களுக்கு எண் கீகளைப் பழகிக்கொள்ளுங்கள். ஃபிளாஷுக்கு (கண்ணைக் கூச வைக்கும் குண்டு) 'ஸ்லாட்7', ஸ்மோக்குக்கு 'ஸ்லாட்8', மொலடோவுக்கு (நெருப்புக் குண்டு) 'ஸ்லாட்10' என்று தனித்தனிக் கீ வைத்தால், 4-ஐத் திரும்பத் திரும்பத் தட்டித் தேட வேண்டியதில்லை.

ஜம்ப்-த்ரோ பைண்ட் போட்டேன், வேலை செய்யல. ஃப்ரெண்டு ஒருத்தனை மேட்ச்ல இருந்து கிக்கே பண்ணிடுச்சு. ஏன்?

இரண்டுக்கும் காரணம் 2024 ஆகஸ்டில் வந்த ஒரே அப்டேட். ஒரு கீயில் நகர்வு, சுடுதல் போன்ற செயல்களில் ஒன்றுக்கு மேல் போட்டால், வால்வ் சர்வர்களில் அது இயங்காது என்று ஆக்கிவிட்டார்கள். ஜம்ப்-த்ரோ பைண்டும், 'நல்-பைண்ட்' (எதிர்த் திசைக் கீகளில் ஒன்றை அழுத்தினால் மற்றதை ரத்து செய்வது) என்று சொல்லப்பட்டதும் இதில் அடங்கும். முந்தைய கேள்வியில் சொன்ன வீல் ஜம்ப் ஒரே ஒரு செயல், அதனால் அதற்குத் தடை இல்லை.

கிக் ஆனதற்குக் காரணம் பெரும்பாலும் கீபோர்டாக இருக்கும். ஏ, டி இரண்டையும் ஒருசேர அழுத்தினால் கடைசியாக அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொண்டு, கவுன்டர்-ஸ்ட்ரேஃபைத் தானே செய்துவிடும் வசதி சில புதிய கீபோர்டுகளில் இருக்கிறது. அதை சர்வர் கண்டுபிடித்தால் மேட்சிலிருந்து வெளியேற்றும். கீபோர்டின் மென்பொருளில் அதை அணைத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள்.

ஜம்ப்-த்ரோவுக்கு இப்போது பைண்டே தேவையில்லை. மவுஸை அழுத்திப் பிடித்து, குதித்து, குதித்த உடனே மவுஸை விட்டால் போதும். கணத்தில் சற்று முன்பின் ஆனாலும் ஒரே இடத்தில் விழும்படி அமைத்திருக்கிறார்கள். முன்பு சொன்ன பயிற்சி மேப்பில் சோதித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு தடவையும் இதெல்லாம் தட்டணுமா?

இல்லை. உங்கள் கணினி சார்ந்தவை பெரும்பாலும் தாமாகவே சேமிக்கப்படும். பயிற்சிக் கமாண்டுகளுக்கு ஒரு கோப்பு எழுதிக்கொள்ளலாம். ஸ்டீமில் (ஆட்டத்தை நிறுவும் வால்வின் மென்பொருள்) ஆட்டத்தின் பெயரை ரைட்-கிளிக் செய்து, அது நிறுவப்பட்ட ஃபோல்டரைத் திறங்கள். அதற்குள் 'கேம்', 'சிஎஸ்கோ', 'சிஎஃப்ஜி' என்று மூன்று படி உள்ளே போங்கள். நோட்பேடில் வரிக்கு ஒரு கமாண்டாக எழுதி, 'பிராக்டிஸ்' என்ற பெயரும் 'சிஎஃப்ஜி' என்ற பின்னொட்டும் கொடுத்து அங்கே சேமியுங்கள். மேப் திறந்ததும் 'எக்செக் பிராக்டிஸ்' என்று தட்டினால் அத்தனையும் ஒரே மூச்சில் ஓடும். ஆட்டம் தொடங்கும்போதே ஓட வேண்டியவற்றுக்கு 'ஆட்டோஎக்செக்' என்று பெயர் வைத்து, ஸ்டீம் லாஞ்ச் ஆப்ஷன்ஸில் (ஆட்டம் தொடங்கும்போது கொடுக்கும் கூடுதல் கட்டளைகள்) '+எக்செக் ஆட்டோஎக்செக்' சேருங்கள்.

இங்கே பத்தில் எட்டுப் பேர் சிக்குவது ஒரே இடத்தில்தான். கோப்பு இருக்கிறது, கன்சோலோ 'இல்லை' என்கிறது. விண்டோஸ் பின்னொட்டை மறைத்து வைத்திருக்கும். நோட்பேட் கமுக்கமாகக் கடைசியில் 'டிஎக்ஸ்டி' சேர்த்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய்ப் பின்னொட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள், அந்த வால் தெரியும், வெட்டிவிடுங்கள்.

எஃப்பிஎஸ் கூட லாஞ்ச் ஆப்ஷன் லிஸ்ட் ஒண்ணு கிடைச்சுது. போடலாமா?

அந்தப் பட்டியலில் 'டிக்ரேட் 128' இருந்தால் மூடிவிடுங்கள். வால்வ் சர்வர்கள் 64 டிக்கில்தான் ஓடுகின்றன, அதாவது வினாடிக்கு 64 தடவை ஆட்ட நிலையைப் புதுப்பிக்கின்றன. நீங்கள் சுட்ட கணத்தை டிக்குகளுக்கு நடுவிலும் பதிவு செய்யும் சப்-டிக் முறை அதன்மேல் இருக்கிறது. லாஞ்ச் ஆப்ஷனால் அதை மாற்ற முடியாது. 'த்ரெட்ஸ்' போன்றவை சில கணினிகளில் வேகத்தைக் குறைக்கவும் செய்யும்.

'எஃப்பிஎஸ்_மேக்ஸ் 0' எல்லையை நீக்கும். டெஸ்க்டாப்பில் பரவாயில்லை. லேப்டாப்பில் நான் அதைச் சொல்ல மாட்டேன். சூடேறி, கால் மணி நேரத்தில் வேகம் சரியத் தொடங்கும். புகையும் நெருப்பும் நிறைந்த நேரத்தில் உங்கள் கணினி எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்து, அதை ஒட்டி ஓர் எல்லை வையுங்கள். 250-க்கும் 110-க்கும் நடுவே தாவுவதைவிட ஒரே சீராக 140 வருவது கைக்குப் பழகும்.

நான் திருச்சில இருக்கேன். ஒரு மேட்ச்ல பிங் 20, இன்னொண்ணுல 90. கமாண்டு ஏதாவது இருக்கா?

இருக்கிறது. இந்தியாவில் வால்வுக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர்கள் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து பொதுவாகச் சென்னைதான் பக்கம். ஆள் கிடைக்காத நேரத்தில் அல்லது உங்கள் லாபியில் வளைகுடா நாட்டிலிருந்து நண்பர் ஒருவர் இருந்தால், தொலைவில் உள்ள சர்வர் அமையலாம். 'எம்எம்_டெடிகேட்டட்_சர்ச்_மேக்ஸ்பிங் 60' என்று போட்டால் அதற்கு மேல் உள்ளவற்றைத் தேடாது. கேம் செட்டிங்ஸிலும் இதே வசதி உண்டு. நள்ளிரவில் ஆள் குறைவாக இருக்கும், அப்போது எண்ணை மிகக் குறைத்தால் காத்திருந்தே தூக்கம் வந்துவிடும்.

பிங் குறைவாக இருந்தும் ஆட்கள் தாவித் தாவி வந்தால் அது வேறு சிக்கல். டெலிமெட்ரியில் பேக்கெட் இழப்பைப் பாருங்கள். அது தெரிந்தால் வைஃபையை விட்டு ரௌட்டரிலிருந்து கேபிள் இழுங்கள். அந்த இழப்பையே நிறுத்தும் கமாண்டு எதுவும் கிடையாது.

ஒருத்தர் அனுப்பின சிஎஃப்ஜி-யைப் போட்டேன், இப்போ டபிள்யூ அழுத்தினா கேமே மூடிடுது!

அதில் 'பைண்ட் டபிள்யூ க்விட்' என்று ஒரு வரி இருந்திருக்கும். கீபோர்டு செட்டிங்ஸில் இயல்பு நிலைக்குத் திருப்பும் பட்டனை அழுத்துங்கள், கீகள் திரும்பிவிடும். அந்த வரி ஆட்டோஎக்செக்கில் இருந்தால் அடுத்த முறை மறுபடி ஓடும், ஆகவே கோப்பையும் நீக்க வேண்டும்.

சிஎஃப்ஜி வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கலாம். 'அன்பைண்ட்ஆல்' என்ற வரி இருந்தால் உங்கள் எல்லாக் கீகளும் போகும் என்று அர்த்தம். அனுப்பியவர் ஜிப்பாகக் கொடுத்து, உள்ளே 'எக்ஸி' கோப்பு ஏதாவது இருந்தால் தொடவே தொடாதீர்கள். கமாண்டு பட்டியலுக்கு அப்படி ஒரு கோப்பு தேவைப்படவே படாது.

மேட்ச் நடுவுல கேம் தொங்கிட்டா 'டிஸ்கனெக்ட்' போட்டு வரலாமா?

'ரீட்ரை' என்று தட்டுங்கள், அதே சர்வரில் மறுபடி சேர்க்கும். 'டிஸ்கனெக்ட்' தட்டினால் மெயின் மெனுவுக்கு வந்துவிடுவீர்கள். அங்கே மீண்டும் இணைவதற்கான பட்டன் தெரியும், உடனே அழுத்துங்கள். திரும்பாமல் விட்டால் மேட்சைக் கைவிட்டதாகக் கணக்காகி, அடுத்த போட்டிக்குக் காத்திருக்க வேண்டிய தடை விழும். திரும்பத் திரும்ப நடந்தால் அந்தத் தடை நீண்டுகொண்டே போகும்.